மீனுக்கு வேர்க்குமா?

போன ஞாயிறு தேக்கா ஈரச்சந்தையில் கொடுவா வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் செவுள் மூடியைத் தூக்கி உள்ளே இருந்த சிவப்பைக் காட்டினார். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, கடல் சூடானா மீனுக்கு வேர்க்குமா?"

வேர்க்காது. பெரும்பாலான மீன்களுக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ ரத்தமும் அவ்வளவே. 10 டிகிரி ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடல்நீரோ 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும், 30 டிகிரியில் 6.2 தான். செவுள் வேகவேகமாக அடிக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த விஷயம் செல்லுக்குள் நடக்கிறது. புரதம் என்பது மடித்து வைத்த நூல். சூட்டில் மடிப்பு அவிழ்ந்தால், உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீர் ஒவ்வாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோசைக்கல்லில் முட்டை வெள்ளை இறுகுவதும் இப்படித்தான். இதைத் தடுக்க நிற்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். நான் தோழி என்பேன். மணமேடையில் கொசுவம் கலைந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் தோழி.

எத்தனை தோழி வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? சாதாரண நாளில் சும்மா நிற்கும் தோழிகள் ஹெச்.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சூடேறி எங்கு பார்த்தாலும் கொசுவம் அவிழத் தொடங்கியதும் கையை விட்டுவிட்டு ஓடுவார்கள். பிடி விட்ட அந்தப் புரதம் மும்மூன்றாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பும்: இன்னும் தோழிகளை அனுப்பு! வேலை தீர்ந்தவர்கள் திரும்பி வந்து கையைப் பிடித்ததும் உற்பத்தி அடங்கிவிடும். ஆள் குறைந்ததே அங்கே அழைப்பு மணி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு.

இதன் முதல் தடயம் மீனில் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் யாரோ அடைகாப்பானின் சூட்டைக் கூட்டிவிட, இத்தாலியரான ஃபெருச்சோ ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோமில் புதுப் புடைப்புகளை, அதாவது மரபணுக்கள் விழித்துக்கொண்ட இடங்களை, கண்டார், 1962இல் வெளியிட்டார். ஈயை ஆராய்ந்து என்ன லாபம் என்று நிதி கேட்பவரை மடக்குகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அண்டார்டிகாவில் எப்போதும் உறைநிலையை ஒட்டிய நீரில் வாழும் சில மீன்கள் இப்படி அவசரத்துக்குத் தோழிகளைக் கூட்டும் திறனையே இழந்துவிட்டன. நம் கொடுவாவுக்கு அது இருக்கிறது. ஆனால் தோழிகளுக்குக் கூலி உண்டு: ஒவ்வொரு பிடிக்கும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவு. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி அதில் கரைகிறது. ஏ.டி.பி.க்கு ஆக்சிஜன் வேண்டும். சூடான நீரில் அதுதான் பற்றாக்குறை.

அதோடு நுண்பாசியும் பெருகினால்? 2015 தொடக்கத்தில், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே உள்ள ஜொகூர் நீரிணைப் பண்ணைகளில் 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் தானும் மூச்சு விடும். விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். கெலோங் என்னும் கடல் மீன்பண்ணையில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் காற்றுப் பம்பு மட்டும் தடதடவென்று ஓடுவது அதற்காகத்தான்.