அட்டவணைக்கு முந்தைய பக்கங்கள்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலில் ஈடுபடும் பலர், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறிவதில்லை. புது பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். இதற்கென்றே லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் தடித்த கையேடுகளை வெளியிடுகின்றன. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்ற அட்டவணை பின்னால் இருக்கும். அதைவிட முக்கியம் முன்பக்க அத்தியாயங்கள் என்பேன்.

காரணம், புகையில்லா வெடிமருந்தின் குணம். அழுத்தம் கூடக் கூட அது வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் வாயு பெருகும், அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு குழலுக்குள் முன்னே நகர்ந்து இடம் விடுவதால்தான் இந்த ஏற்றம் ஓரிடத்தில் நின்று இறங்குகிறது. நம் வீட்டு குக்கர் சதுர அங்குலத்துக்கு சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் விசிலடிக்கும். .30-06 ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை அமைப்பு வகுத்த உச்சவரம்பு 60,000 பவுண்டு. நாலாயிரம் மடங்கு!

சரி, மருந்தை நிறுத்து அளந்துவிட்டால் போதுமா? போதாது. சிறிய 9 மி.மீ. கூட்டில் குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டால், மருந்து அதேதான், ஆனால் எரிய இடம் குறைவு. அழுத்தம் சட்டென்று எகிறும். கூட்டின் சுவர் தடிமன், பிரைமர் வகை மாறினாலும் கணக்கு மாறும். அதனால்தான் கையேடு ஒவ்வொரு அளவோடும் தோட்டாவின் மொத்த நீளம், கூடு, பிரைமர் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது.

.38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா இன்னொரு பாடம். 1898 வாக்கில், புகை கக்கும் பழைய வெடிமருந்தான கரும்பொடிக்காகச் செய்த பெரிய கூடு அது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது. குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கையேட்டின் பழைய பதிப்பை நம்பியிருப்பதும் சரியல்ல. அந்தக் காலத்தில் செம்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அழுத்தத்தைக் கணித்தார்கள். இப்போது மின்னுணரிகள் அந்த ஏற்ற இறக்கத்தை முழு வளைகோடாகவே வரைகின்றன. மருந்துகளும் மாறியிருக்கின்றன. கையேடு உச்ச அளவோடு தொடக்க அளவையும் தருவது, கீழிருந்து படிப்படியாக ஏறிப் பார்ப்பதற்காக. பிரைமர் தட்டையாவதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அந்த அடையாளம் தெரியும்போது அழுத்தம் பல நேரம் வரம்பைத் தாண்டியிருக்கும்.