கிளட்ச் ஆயில் குறையுதா? ஊத்திட்டு ஓட்டாதீங்க

நம்ம ரங்கூன்ல இன்னும் ஓடுற பழைய பஜேரோ, லேண்ட் குரூசர்காரங்க பட்டறைக்கு வந்ததும் சொல்றது ஒரே பாட்டுதான். "அண்ணே, ரிவர்ஸ் கடிக்குது, ரெண்டு தடவ மிதிச்சா விழுந்துடுது, ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, ஊத்திட்டேன்." அந்த ஊத்திட்டேன்லதான் வம்பே இருக்கு.

பிரேக் ஆயில் டப்பால லெவல் எறங்குனா பேட் தேஞ்சிருக்கும்னாவது சொல்லலாம். கிளட்ச்ல அது தலைகீழ். பெடல மிதிச்சா மேல் சிலிண்டர் ஆயில தள்ளும், அந்த ஆயில் கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கற கீழ் சிலிண்டர் பிஸ்டன தள்ளி, ஃபோர்க்குங்கற நெம்புகோல் வழியா கிளட்ச்ச விடுவிக்கும். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் விரலு பின்னாடி வந்து, ஃபோர்க்க தள்ளி, கீழ் சிலிண்டர் பிஸ்டன உள்ள அமுக்குது, அதனால ஆயில் மேல டப்பாவுக்குத்தான் திரும்பும், லெவல் துளி ஏறணுமே தவிர எறங்கவே கூடாது. எறங்குச்சுன்னா எங்கயோ ஒழுகுது, அவ்ளோதான்.

பாக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். டிரைவர் காலடியில குனிஞ்சு, பெடல் ராடு எஞ்சின் பக்கத்து தடுப்புச் சுவத்துக்குள்ள போற எடத்த வெரலால தடவுங்க, பிசுபிசுன்னு இருந்தா மேல் சிலிண்டர் போச்சு, மிதியடியும் ஊறி இருக்கும். அப்புறம் வண்டிக்கு அடியில கியர் பாக்ஸ் பக்கத்துல கீழ் சிலிண்டர் ரப்பர் பூட்டோட ஓரத்த ஸ்குரூடிரைவரால லேசா தூக்குங்க. காஞ்ச புழுதி கொட்டுனா சரி, மை மாதிரி கறுப்பா வழிஞ்சா உள்ள ஆயில அடைச்சு நிக்கிற ரப்பர் கப்பு செத்துருச்சு. வெளிய எங்கயும் ஈரமே இல்ல, ஆனா மெதுவா மிதிச்சுப் புடிச்சா பெடல் தானா எறங்குதுன்னா மேல் சிலிண்டர் உள்ளயே விடுது.

ஏன் கீழ் சிலிண்டர் இப்படி அடிக்கடி போகுது? கிளட்ச்லயும் ஓடறது பிரேக் ஆயில்தான், அது காத்துல இருக்கற ஈரத்த குடிக்கும், நம்ம ஊர் மழைய பத்தி சொல்லணுமா, ஏப்ரல் தண்ணித் திருவிழா திஞ்சான்ல ஆரம்பிச்ச ஈரம் அக்டோபர் வரைக்கும் காயாது. டாட் 3ங்கற ரக பிரேக் ஆயில் புதுசா 205 டிகிரிக்கு மேல கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 140 இருந்தா போதும். ஆனா கிளட்ச்சுக்கு கொதிக்கறத விட துருதான் எமன். அந்த ஈரம் கடைசி எடமான கீழ் சிலிண்டர்லயே தேங்கி, உள்சுவத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி போடும். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ ஆயில மாத்துங்க.

நானும் ஒரு தடவ மாட்டிக்கிட்டேன். மோல்மேன் ஊர்க்காரர் ஒருத்தர் வண்டிக்கு புது பிளேட் செட் போட்டு அனுப்புனேன், பத்தே நாள்ல ஆயில் ஒழுகுதுன்னு திரும்பி வந்தாரு, மொகத்துல என்னைத் திட்டற மாதிரி ஒரு பார்வை. கழட்டிப் பாத்தா பழைய பிளேட்டுல பிஸ்டன் உள்பக்கமே ஓடிட்டு இருந்திருக்கு, புது பிளேட் போட்டதும் வெளிப்பக்கம் வந்து துருவும் புழுதியும் கெடந்த எடத்துல உரசி கப்ப அறுத்துருச்சு. அதுலேருந்து கிளட்ச் எறக்குனா கீழ் சிலிண்டர் முழுசா புதுசுதான், குழி விழுந்த சிலிண்டர்ல வெறும் ரப்பர் கிட் மட்டும் போடறது வெட்டி வேலை. கூடவே அந்த ரப்பர் ஓஸ் பைப்பையும் பாருங்க, மிதிக்கும்போது உப்புனா மாத்திடுங்க.

ஏர் எடுக்கும்போது, அதான் ஆயில்ல மாட்டுன காத்த வெளியேத்தும்போது, கீழ் சிலிண்டர்ல இருக்கற நிப்பிள் (காத்துத் திருகு) மேல்பக்கம் பாக்கணும், டப்பா காலியாக விடக்கூடாது, பெடல படபடன்னு மிதிக்காம மெதுவா மிதிச்சு, நிப்பிள் மூடுனதும் கையால மேல இழுத்து விடுங்க. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தெரியாம ஊத்தியிருந்தா ரப்பர் எல்லாம் உப்பிப் போகும், மொத்தமா மாத்தணும். சந்தேகமா இருந்தா டப்பால இருந்து ஒரு சொட்டு எடுத்து தண்ணி கிளாஸ்ல விடுங்க, பிரேக் ஆயில் கரைஞ்சிடும், மத்த ஆயில் மெதக்கும்.

பெகு ஊருக்குப் போற ரோட்டுல நடுவுல பெடல் தரைக்குப் போயிட்டா? எஞ்சின ஆஃப் பண்ணுங்க, முன்னாடி ஆள் இல்லன்னு பாத்துட்டு, ஃபோர் லோவுல, அதான் நாலு சக்கரமும் மெதுவா இழுக்கற கியர்ல, முதல் கியர் போட்டு சாவியத் திருப்புங்க, பெரும்பாலான பழைய வண்டி அப்படியே நகந்து ஸ்டார்ட் ஆகும். தார் ரோட்டுல ஃபோர் லோவோட ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்பாதீங்க, நேரா ஓரத்துக்குப் போய் நிறுத்திட்டு ஃபோன் போடுங்க.