உணவில் கலக்கும் தூளுக்கு மூட்டையில் ஏன் அபாயக் குறி? சோடியம் மெட்டாபைசல்பைட்டை வகைப்படுத்தும் முறை

பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில் உணவுப் பொருள் தயாரிக்கும் எந்தத் தொழிற்சாலையின் ஸ்டோரிலும் இருக்கக்கூடிய மூட்டைதான் இது. 25 கிலோ வெள்ளைத் தூள். சோடியம் மெட்டாபைசல்பைட், உணவுத் தரம், உணவுச் சேர்க்கை எண் ஈ223. மூட்டையின் மேல் சிவப்பு ஓரமிட்ட இரண்டு சாய்சதுரங்கள். ஒன்றில் ஒரு திரவம் கையையும் உலோகத்தையும் அரிக்கிறது, மற்றதில் ஆச்சரியக்குறி. பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘பஹாயா’, மலாயில் ‘ஆபத்து’. இந்தத் தூள் சேர்த்த உலர்பழம் சௌராஸ்தா சந்தைக்குப் போகும்போது பொட்டலத்தில் அந்தப் படங்கள் எதுவும் இருக்காது. ‘மெங்கண்டுங்கி பஹான் பெங்காவெட் யாங் டிபெனார்கான்’, அதாவது அனுமதிக்கப்பட்ட பதனப்பொருள் கலந்தது என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

இரண்டுமே சரியான முத்திரைகள்தாம். மூட்டையைப் படம் பிடித்து “இதைத்தான் நமக்குச் சாப்பிடக் கொடுக்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களும் உண்டு. “சாப்பிடுகிற பொருள்தானே, பாதுகாப்புக் கண்ணாடி எதற்கு?” என்று வெறுங்கையால் அள்ளுகிறவர்களும் உண்டு. ஆளைக் காயப்படுத்துவது இரண்டாவது எண்ணம்தான். அதனால் இந்தக் கட்டுரை மூட்டையின் பக்கம்தான் அதிக நேரம் நிற்கும்.

மூட்டை முத்திரைக்கு அடிப்படை ஐக்கிய நாடுகள் அமைப்பு 2003-இல் வெளியிட்ட ஜி.எச்.எஸ். என்ற உலகளாவிய வகைப்பாட்டு முறை. மலேசியாவில் அதைச் சட்டமாக்கியது 2013-ஆம் ஆண்டின் கிளாஸ் விதிமுறைகள். அமல்படுத்துவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. உணவுச் சேர்க்கைகள் பற்றி ஜி.எச்.எஸ். தெளிவாகவே பேசுகிறது: ஒருவர் தெரிந்தே உட்கொள்ளும் இடத்தில், அதாவது உணவுப் பொட்டலத்தில், இந்த முத்திரை தேவையில்லை, தொழிலாளியின் உடலில் அந்தப் பொருள் படக்கூடிய இடத்தில் தேவை. பொட்டலத்தைக் கவனிப்பது 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும். ‘உணவுத் தரம்’ என்பது தூய்மையைப் பற்றிய சொல். ஈயம், ஆர்செனிக் போன்றவை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்லுமே தவிர, தூள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லாது.

வகைப்படுத்துவதில் முதல் வேலை, பொருள் எது என்று உறுதி செய்வது. சல்பைட் குடும்பத்தில் ஈ220 முதல் பல பேர் இருக்கிறார்கள். வியாபாரத்தில் எல்லாவற்றையும் ‘சல்பைட்’ என்றே சொல்லிவிடுவது வழக்கம். வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்ணான கேஸ் எண் 7681-57-4 என்று இருந்தால்தான் அது சோடியம் மெட்டாபைசல்பைட். அடுத்து, பாதுகாப்புத் தரவுத்தாளை எடுத்து அதன் 16 பகுதிகளில் 2, 3, 9, 10, 11 ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாம் பகுதியில் விற்பவர் எடுத்த முடிவு இருக்கும். பதினோராம் பகுதியில் அந்த முடிவுக்கான சோதனை எண்கள் இருக்க வேண்டும். எண்ணே இல்லாமல் முடிவு மட்டும் இருக்கும் தாளை நம்பி வேலை செய்யக் கூடாது. எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

பௌதிக ஆபத்து, உடல்நல ஆபத்து, சுற்றுச்சூழல் ஆபத்து என்று மூன்று பிரிவு. முதலும் கடைசியும் இங்கே சீக்கிரம் முடிந்துவிடும்: இந்தத் தூள் எரியாது, வெடிக்காது, நீர்வாழ் உயிர்களுக்கான வகைகளிலும் பொதுவாகச் சேராது. உடல்நலத்தில்தான் விஷயம் இருக்கிறது.

வாய்வழி நச்சுத்தன்மைக்கு எல்.டி.50 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். சோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு அது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று. 5 வரை முதல் வகை, 50 வரை இரண்டாவது, 300 வரை மூன்றாவது, 2000 வரை நான்காவது. சோடியம் மெட்டாபைசல்பைட்டுக்குத் தரவுத்தாள்களில் வரும் எண் 1540. ஆகவே நான்காம் வகை: ஆச்சரியக்குறி, எச்302 என்ற அபாயக் குறியெண், ‘விழுங்கினால் தீங்கு’. இந்த எண் பொருள்களை வரிசைப்படுத்தத்தான். மனிதர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இதிலிருந்து கணக்கிடக் கூடாது.

‘பஹாயா’ வந்தது கண்ணால். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் படலத்தில், அதாவது கார்னியாவில், 21 நாளில் ஆறாத சேதத்தை உண்டாக்கும் பொருள் முதல் வகை. ஆறிவிடும் எரிச்சல் என்றால் இரண்டாம் வகை. முன்பு இதை முயலின் கண்ணில் பார்த்தார்கள். இப்போது இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கண்ணின் கார்னியாவில் பொருளை வைத்து, அது எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு சாயத்தைக் கசியவிடுகிறது என்று அளக்கும் ஓ.இ.சி.டி. 437 சோதனை இருக்கிறது. மதிப்பெண் 55-க்கு மேல் போனால் முதல் வகை. 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் வகைப்பாடே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் சோடியம் மெட்டாபைசல்பைட் கண்ணுக்கு முதல் வகை: எச்318, ‘கண்ணுக்குக் கடுமையான சேதம்’.

அரிக்கும் படத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அதே படம் உலோகத்தை அரிப்பதற்கும், தோலை எரிப்பதற்கும், கண் சேதத்துக்கும் போடப்படுகிறது. எது என்று சொல்வது பக்கத்தில் இருக்கும் எச் எண்தான். இந்த மூட்டையில் அது 318. ஆகவே முதலில் வாங்க வேண்டியது பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. கையுறை அதற்கு அடுத்தது. தூள் கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர் ஆலோசனை கேட்க மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் இருக்கிறது. தரவுத்தாளையும் கூடவே எடுத்துப் போவது நல்லது.

புற்றுநோய் பற்றிய கேள்வி எப்போதும் வரும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992-இல் சல்பைட்டுகளை மூன்றாம் பிரிவில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்தச் சான்று போதவில்லை என்பது அதன் பொருள்.

கலவைகளில் நேரும் பிசகு

தனிப் பொருள் வரை வேலை எளிது. இறால் வியாபாரத்தில் வாங்குவது பெரும்பாலும் கலவைத் தூள். பிடித்த இறாலின் தலையும் ஓடும் சில மணி நேரத்தில் கருக்க ஆரம்பிக்கும். இறாலுக்குள்ளேயே இருக்கும் நொதியின் வேலை அது. சல்பைட் அந்த நொதியை முடக்குகிறது. வழக்கமான அளவு, 1.25 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு நிமிடம் முக்குவது. 100 லிட்டர் தண்ணீருக்கு 1.25 கிலோ. வேலையைச் சுலபமாக்க, மெட்டாபைசல்பைட்டோடு சிட்ரிக் அமிலமும் உப்பும் சேர்த்து ஒரே பையில் கொடுக்கலாம் என்று தோன்றும். 40 விழுக்காடு மெட்டாபைசல்பைட், 40 சிட்ரிக் அமிலம், 20 உப்பு என்று எடுத்துக்கொண்டு வகைப்படுத்திப் பார்ப்போம்.

வாய்வழி நச்சுக்கு விதி இது: நச்சுள்ள ஒவ்வொரு பொருளின் விழுக்காட்டையும் அதன் எல்.டி.50-ஆல் வகுத்துக் கூட்டி, வந்த தொகையால் 100-ஐ வகுக்க வேண்டும். சிட்ரிக் அமிலமும் உப்பும் 2000-ஐத் தாண்டியவை, அவற்றை விட்டுவிடலாம். 40-ஐ 1540-ஆல் வகுத்தால் 0.026, 100-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 3850. 2000-ஐத் தாண்டியதால் எச்302 போய்விடுகிறது. ஆனால் சோதனை எண் கையில் இல்லாமல் ‘நான்காம் வகை’ என்ற முடிவு மட்டும் இருந்தால், 1540-க்குப் பதிலாக 500 என்ற மாற்று எண்ணைப் போடச் சொல்கிறது ஜி.எச்.எஸ். அப்போது விடை 1250, எச்302 நிற்கிறது. ஒரே கலவைக்கு இரண்டு விற்பனையாளர்கள் இரண்டு விதமாக முத்திரை போடுவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நம்பத்தக்க சோதனை எண் இருந்தால் அதுதான் சரி. 1540-ஐக் கொண்டு கணக்கிட்டால், மெட்டாபைசல்பைட் 77 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் எச்302 விழுந்துவிடும்.

கண்ணுக்கு விதி வேறு, கடுமையானது. முதல் வகைப் பொருள் 3 விழுக்காடு இருந்தாலே கலவை முதல் வகை; ஒன்று முதல் மூன்றுக்குள் என்றால் இரண்டாம் வகை. நம் பையில் 40 இருக்கிறது, ‘பஹாயா’ அப்படியே இருக்கும். கரைத்து வைத்த 1.25 விழுக்காட்டுத் தொட்டித் தண்ணீர் இரண்டாம் வகை.

இந்தக் கணக்கின்படி தனித் தூளைவிடக் கலவை சற்றுச் சாதுவாகத் தெரிகிறது. ஆனால் புழக்கத்தில் கலவைதான் அதிக ஆபத்து. காரணம் வேதியியலில் இருக்கிறது. மெட்டாபைசல்பைட் தண்ணீரில் பைசல்பைட்டாக மாறுகிறது; அமிலம் கூடக்கூட அது கந்தக டையாக்சைடு வாயுவாகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் அதிகம். பி.எச். 4-இல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக வாயு வடிவில் இருக்கும். 3-இல் சுமார் 6. 2-இல் ஏறத்தாழ 40. சிட்ரிக் அமிலம் பி.எச்.-ஐ 2-க்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடியது. தனித்தனியே கூட்டிப் பார்க்கும் சூத்திரத்துக்கு, இரண்டு பொருள் சேர்ந்து மூன்றாவது ஒன்றைப் பிறப்பிப்பது தெரியாது. ஐரோப்பிய முத்திரையில் ஈயூஎச்031, ‘அமிலம் பட்டால் நச்சு வாயு’ என்று தனி வரி இருக்கிறது. அந்த வரி இல்லாத முத்திரையானால், இந்தச் செய்தி தரவுத்தாளின் பத்தாம் பகுதியில்தான் கிடைக்கும். யாரும் படிக்காத பகுதியும் அதுதான்.

எவ்வளவு வாயு? எடையில் மெட்டாபைசல்பைட்டின் 67 விழுக்காடு வரை கந்தக டையாக்சைடாக மாறலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள மூடிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கன மீட்டர். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் அளவு 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. அந்த அறையில் 100 பி.பி.எம். என்பது 13 கிராம் வாயு. அதற்கு 20 கிராம் தூள் முழுதும் வினைபுரிந்தால் போதும். மூட்டையில் 25,000 கிராம் இருக்கிறது. இந்த வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. தொட்டியின் அடியிலும் படகின் மீன் அறையிலும் தேங்கும். இறால் படகுகளில் இப்படி மூச்சடைத்து மீனவர்கள் இறந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

ஆகவே சல்பைட்டையும் அமிலத்தையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது. குளோரின் பிளீச்சும் அங்கே வேண்டாம். சல்பைட் அதனோடு சூடேறி வினைபுரியும். முதலில் தண்ணீர், பிறகு தூள், கொஞ்சம் கொஞ்சமாக, காற்றோட்டமான இடத்தில். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சாதாரணத் தூசி முகக்கவசம், என்95 உட்பட, தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயு வரக்கூடிய இடத்தில் அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கு அதுவும் போதாது.

பினாங்கின் ஈரக்காற்றில் இன்னொரு சிக்கல். வாய் திறந்த மூட்டை ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். திறக்கும்போது தீக்குச்சி கிழித்த வாடை அடிக்கும். அதற்குள் ஒரு பகுதி சல்பேட்டாக மாறி வீரியம் போயிருக்கும். இறால் கருக்கிறதே என்று அளவைக் கூட்டிப் போடுவார்கள். அடுத்த புது மூட்டைக்கும் அதே அளவு தொடரும். இறாலில் சல்பைட் வரம்பு மீறுவதற்கு இது ஒரு பழகிய வழி.

தட்டில் என்ன கணக்கு

சாப்பிடுபவருக்கான அளவு வேறு வழியில் வருகிறது. நீண்ட கால எலிச் சோதனைகளில் தீங்கு தெரியாத அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 70 மில்லிகிராம் கந்தக டையாக்சைடு. அதை 100-ஆல் வகுத்து, 0.7 என்று உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல், நரம்பு மண்டலம் பற்றிய தரவில் இடைவெளி இருக்கிறது என்று தன்னுடைய தற்காலிக 0.7-ஐத் திரும்பப் பெற்றது. அதிகம் உட்கொள்பவர்கள் விஷயத்தில் பாதுகாப்பு இடைவெளி போதாது என்பது அதன் கருத்து. இது புறந்தள்ளக்கூடிய செய்தி அன்று.

60 கிலோ எடையுள்ளவருக்கு 0.7 என்றால் நாளுக்கு 42 மில்லிகிராம். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பில், பச்சை இறாலின் தசையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். கால் கிலோ சாப்பிட்டால் 25. உலர்பழத்தில் வரம்பு 1000. 42 கிராம் பழத்திலேயே நாளின் அளவு தீர்ந்துவிடும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 14 கிராம் போதும், இரண்டு மூன்று உலர்ந்த ஏப்ரிகாட்தான். சல்பைட் கணக்கில் நம் கண் இறாலைவிட உலர்பழத்தின் மேல் இருக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாமே கந்தக டையாக்சைடாகச் சொல்லப்படுபவை. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பதற்குத் தூள் 148 மில்லிகிராம். இந்த மாற்றத்தை மறந்து தூளின் எடையை அப்படியே எழுதிவிடுவது தயாரிப்புக் குறிப்பேடுகளில் எளிதில் நுழையும் தவறு.

ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த வரம்புகளுக்கு மிகக் கீழேயே மூச்சு இறுகும். அதனால்தான் கிலோவுக்கு 10 மில்லிகிராம் இருந்தாலே சல்பைட்டை முத்திரையில் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும் என்கிறது கோடெக்ஸ். ‘அனுமதிக்கப்பட்ட பதனப்பொருள்’ என்ற பொதுவான வரி அவர்களுக்குப் போதாது. ஈ220 முதல் ஈ228 வரையிலான எண்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த 10-ஐ அளப்பதற்கு நெடுங்காலமாக இருப்பது மோனியர் வில்லியம்ஸ் முறை. உணவை அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளியேறும் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்துத் தரம்பார்க்கிறார்கள். இறாலுக்கும் பழத்துக்கும் நன்றாக வேலை செய்யும். பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் உள்ள உணவில் அவற்றின் சொந்தக் கந்தகமே வாயுவாகி வந்து, சல்பைட் துளியும் போடாத சம்பலில்கூட இருப்பதாகக் காட்டும். அப்படி ஒரு முடிவு வந்தால் தயாரிப்பாளர் மேல் பழி போடும் முன், திரவ நிறப்பகுப்போடு நிறை நிறமாலை அளவியை இணைத்த எல்.சி.-எம்.எஸ். முறையில் மறு சோதனை கேட்க வேண்டும். அந்த முறை சல்பைட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும்.