கடல் கொடுத்த கட்டியைக் கோடாலியால் பிளக்காதீர்கள்

போன மாரிக்கு முன் முல்லைத்தீவில் கரைவலை வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கரைவலையில் ஏறிய ஒரு கட்டி நான்கு நாளாக அவருடைய மீன்வாடியின் வாசலில் வெயில் காய்ந்து கிடந்திருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் பொறுமையிழந்த யாரோ கோடாலிப் பிடங்கால் அதை இரண்டாக்கிவிட்டார்கள்.

“உள்ளே ஒன்றுமே இல்லை, பிள்ளை. வெறும் ஓட்டை” என்றார் ஐயா.

அந்த ஓட்டைதான் பொருள். கடலில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும்போது மணலும் சிப்பியும் சுண்ணாம்பும் அதைச் சுற்றி ஓடாக இறுகும். காலம் செல்ல இரும்பு கரைந்தே போனாலும், அது இருந்த இடம் அச்சாக மிஞ்சும். அச்சு முழுதாக இருந்தால் அதற்குள் பிசின் ஊற்றி அந்தப் பொருளை வார்த்தெடுத்துவிடலாம். ஐயாவின் கட்டியில் நாற்பட்டை ஆணியொன்றின் தலை மட்டும் தெரிந்தது. மிச்சம் மணலில் தூளாகக் கிடந்தது.

கடலடிப் பொருள்களைப் பேணுவது என் தொழில். பயிற்சிக்காக அமெரிக்கா போனபோது மசாசூசெட்ஸில், கேப் கோட் பக்கம், ஒரு கடற்கொள்ளையர் நூதனசாலையைப் பார்த்தேன். சாமுவேல் பெலமி என்ற கொள்ளைத் தலைவனின் ‘விடா’ கப்பலுக்காகவே அமைந்தது அது. முதலில் அடிமைகளை ஏற்றிய கப்பல். அவன் கையில் சிக்கிய சில வாரங்களிலேயே, 1717 ஏப்ரல் 26 அன்று, புயலில் மூழ்கியது. 1984இல் பாரி கிளிஃபோர்ட் அதன் சிதைவைக் கண்டுபிடித்தார். புதையல் வேட்டையாகத் தொடங்கிய வேலை என்று தொல்லியலாளர் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்த எண்ணம் உண்டு.

ஆனால் அங்கிருந்த தண்ணீர்த் தொட்டிகளின் முன்னால் நின்றபோது என் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஐயாவின் வாடியில் கண்ட அதே மாதிரிக் கட்டிகள், ஆனால் நீருக்குள். எக்ஸ்ரேயில் உள்ளிருப்பதைப் பார்த்த பிறகுதான் உளி படும். 1985இல் எடுத்த மணியின் மேலோடு நீங்கியபோது ‘விடா கேலி 1716’ என்ற எழுத்து தெரிந்தது. கப்பலின் பெயர் உறுதியானது அப்படித்தான். அங்கே தங்கத்தை விட என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிறுவனின் சப்பாத்தும் பட்டுக் காலுறையும். பத்து வயது மதிக்கத்தக்க ஜோன் கிங் என்பவனுடையவை என்கிறார்கள். இப்படியொரு கட்டியைப் பிடங்கால் அடித்திருந்தால் காலுறை எங்கே மிஞ்சும்?

வன்னியில் மூழ்கிய கப்பல் என்றால் கிலோ விலைதான் நினைவுக்கு வரும். 2006 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் பக்கம் கரைதட்டிய ‘ஃபரா 3’ கப்பல் பழைய இரும்பாக வெட்டப்பட்டதைக் கண்ட ஊர் இது. பிழை சொல்லவில்லை, பசித்த காலம் அது.

பழைய இரும்புக்காரரிடம் போகும் முன் ஒன்று. இங்கே கடல் தருவது யுத்தகாலத்து வெடிபொருளாகவும் இருக்கலாம். சிப்பி மூடியதும் எறிகணையும் ஆணிக்கட்டியும் ஒன்றுபோலவே தெரியும். அடையாளம் தெரியாத கட்டியைத் தட்டாதீர்கள், சுடவைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிஸாரை 119இல் அழையுங்கள்.

ஆபத்தில்லை என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகு என் வேலை. அதுவரை அதைக் காயவிடாமல், கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புக்குள் ஊறிய உப்பு, உலர்ந்ததும் அதை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். மரத்துக்கோ, உள்ளிருக்கும் நீர்தான் உருவத்தையே தாங்கி நிற்கிறது. 1961இல் தூக்கிய சுவீடனின் ‘வாசா’ கப்பலுக்கு அந்த நீரின் இடத்தில் மெழுகு போன்ற ஒரு பொருளை ஏற்ற 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். தொல்பொருள் என்றாலே காணி போய்விடுமோ என்ற பயம் நம்மிடம் உண்டு. காரணமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடலடியில் யாருடைய காணியும் இல்லை.

சம்மாட்டி ஐயா சென்ற மாதம் மறுபடி அழைத்தார். இன்னொரு கட்டி வலையில் தட்டியதாம், மேலே எடுக்கவில்லையாம். ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் ஜிபிஎஸ் எண்களை எழுதி வைத்திருந்தார். ஈரத்தில் கடைசி இலக்கம் மட்டும் கலங்கியிருந்தது. அது மூன்றா எட்டா என்று இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.