மேக்கா, விண்டோஸா? முதலில் உங்கள் ஃபைல் போகும் வழியைப் பாருங்கள்

வீடியோ எடிட்டிங், கலர் கிரேடிங் (காட்சியின் நிறத்தைச் சீராக்குவது) வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "மேக் வாங்கலாமா, விண்டோஸ் வாங்கலாமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்களுக்கு ஃபைல் யாரிடமிருந்து வருகிறது? முடித்ததும் யாரிடம் போகிறது?" வேக ஒப்பீட்டு வீடியோக்களை நிறையப் பார்த்தவர்களுக்கும் இதற்கு உடனே பதில் வருவதில்லை. ஆனால் முடிவு இதில்தான் இருக்கிறது.

எடிட்டிங்குக்கான ஃபைனல் கட் புரோவும் இசைக்கான லாஜிக் புரோவும் ஆப்பிளுடையவை, விண்டோஸில் கிடையாது. முப்பரிமாண வேலைக்கான த்ரீடிஎஸ் மேக்ஸ் விண்டோஸில் மட்டும்தான். உங்களோடு வேலை செய்பவர்கள் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி, அந்த புராஜெக்டை அப்படியே கேட்கிறார்கள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பிரீமியர் (எடிட்டிங்), புரோ டூல்ஸ் (ஒலி) ஆட்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. டாவின்சி ரிசால்வ் (எடிட்டிங், கலர்), மாயா, பிளெண்டர் (முப்பரிமாணம்) ஆகியவை இன்னொரு இயங்குதளமான லினக்ஸிலும் ஓடும்.

இன்று இருக்கும் வழி நாளையும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் இருந்தது. 2002இல் அதை உருவாக்கிய எமேஜிக்கை ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். 2011இல் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வந்தபோது, முந்தைய பதிப்பில் செய்த புராஜெக்டுகளை அதில் திறக்கவே முடியவில்லை. தொழில்முறை எடிட்டர்கள் பலர் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். அதனால் எந்தக் கணினியில் இருந்தாலும், வேலை முடிந்ததும் புராஜெக்ட் ஃபைலோடு எக்ஸ்எம்எல் அல்லது ஏஏஎஃப் (எடிட்டை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஃபைல்கள்), தனித்தனி ஆடியோ டிராக்குகள், உயர்தர மாஸ்டர் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். இதை நான் மிக அழுத்திச் சொல்வேன். பழைய வேலையில் திருத்தம் கேட்டு வாடிக்கையாளர் திரும்பி வரும்போது கைகொடுப்பது இவைதான்.

முப்பரிமாண ரெண்டரிங் செய்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்க வேண்டும். என்விடியா கார்டுகளில் மட்டும் ஓடும் கூடா (CUDA) என்ற கணக்கீட்டு முறையை நம்பிய மென்பொருளும் ப்ளக்இன்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) நிறைய. 2018இல் வந்த மொஹாவி என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து புதிய என்விடியா கார்டுகளுக்கு மேக்கில் இடமில்லை. ரெட்ஷிஃப்ட், ஆக்டேன், பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரிங் மென்பொருள்கள் ஆப்பிளின் சொந்த கிராஃபிக்ஸ் முறையான மெட்டலுக்கும் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் நீங்கள் அன்றாடம் தொடும் ஒரு ப்ளக்இன்னுக்கு CUDA தேவை என்றால் விண்டோஸ் அல்லது லினக்ஸ்தான். ஆப்பிள் சிப்பில் சிபியுவும், கிராஃபிக்ஸைக் கவனிக்கும் ஜிபியுவும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால், சாதாரண கார்டின் நினைவகத்தில் அடங்காத கனமான காட்சிகளையும் திறக்க முடிகிறது. ஆனால் வாங்கிய பிறகு அந்த நினைவகத்தைக் கூட்ட முடியாது. கை இறுகும்போது ஸ்டோரேஜைக் குறையுங்கள், வெளியே எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளலாம். நினைவகத்தைக் குறைக்காதீர்கள்.

பெரிய விஎஃப்எக்ஸ் (காட்சி ஜாலம்) ஸ்டுடியோக்கள் லினக்ஸை நம்பித்தான் ஓடுகின்றன, எனக்கும் பிடிக்கும். ஆனால் தனியாக வேலை செய்பவருக்கு யோசித்துத்தான் சொல்வேன். அடோபி மென்பொருள்கள் அதில் கிடையாது. ரிசால்வின் இலவசப் பதிப்பு, லினக்ஸில் ஹெச்.264 என்ற சுருக்க முறையில் பதிவான வீடியோவைத் திறக்காது. ஃபோன், ட்ரோன் என்று வருகிற ஃபைல்களில் நிறைய அந்த வகைதான்.

அப்புறம், கலந்து வேலை செய்யும் குழுக்களில் நேரத்தைத் தின்னும் சின்ன விஷயங்கள். விண்டோஸ் வடிவத்தில் ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் என்ற வடிவம் இரண்டிலும் ஓடும், ஆனால் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். மேக்கில் கேள்விக்குறி, மேற்கோள்குறி போட்டுச் சேமித்த பெயர்களை விண்டோஸ் ஏற்காது. ஒரு கணினியோடு வரும் ஃபான்ட் இன்னொன்றில் இருக்காது, டைட்டிலின் அமைப்பே மாறிவிடும்.

சிஸ்டம் அப்டேட்டை வேலை நடுவில் தொடவே கூடாது. 2019இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு வந்தபோது பழைய 32 பிட் வகை மென்பொருள்கள் எல்லாமே மேக்கில் ஒரேயடியாக நின்றுபோயின.

பணம் கட்டும் முன், கடைசியாக டெலிவரி செய்த ஒரு முழு புராஜெக்டை எடுத்துக்கொண்டு, நீங்கள் மாற நினைக்கும் கணினி வைத்திருக்கும் நண்பரிடம் போங்கள். திறந்து, வாடிக்கையாளர் கேட்ட அதே ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எந்த ப்ளக்இன் காணவில்லை என்று குறித்துக்கொண்டு, உங்கள் உரிமம் இரண்டு தளங்களுக்கும் செல்லுமா என்று அதை விற்றவரிடம் கேளுங்கள். மறுபடி வாங்க வேண்டியிருந்தால் அந்தத் தொகையையும் புதுக் கணினியின் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.