மறுப்புக் கடிதம் வந்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள்: பட்டாளத்துக்காரர்களின் டிஸபிலிட்டி பென்ஷன்

ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் பென்ஷன் வழக்குகள்தான் என் வேலையில் பெரும்பகுதி. கோபி, பவானி, காங்கயம், தாராபுரம், சூலூர் என்று சுற்றுவட்டாரத்தில் இருந்து வரும் முன்னாள் படைவீரர்களில் பலர் இப்போது நூல் மில்லிலோ ஏடிஎம் வாசலிலோ செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள். முதுகுத்தண்டு போனவர், பீரங்கிப் படையில் இருந்து காது மந்தமானவர், பனிமலையில் விரல் நுனியைப் பறிகொடுத்தவர், முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர் மாத்திரை பிடித்தவர். உட்கார்ந்ததும் அநேகமாக ஒரே பேச்சுத்தான்: “ஏனுங் வக்கீலம்மா, அவங்களே இல்லைன்னு எழுதிட்டாங்க. மறுக்காப் போய்க் கேட்டா பிச்சை கேக்கற மாதிரி இருக்குமுங்க.”

நம் ஊர்க்காரர்களின் இந்த ரோசம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதிப்புத்தகத்தில் எழுதிவைத்த தொகையைக் கேட்பதில் பிச்சை எங்கிருந்து வந்தது?

டிஸபிலிட்டி பென்ஷனுக்கு, அதாவது உடல் பாதிப்புக்கான பென்ஷனுக்கு, விதி கேட்பது இரண்டே விஷயம். நோயோ காயமோ படைப்பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது படைப்பணியால் மோசமாகியிருக்க வேண்டும். பாதிப்பின் அளவு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். படையை விட்டு வரும்போது ராணுவ மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டு இந்த இரண்டையும் ஒரு படிவத்தில் எழுதுகிறது. பெரும்பாலும் சதவீதத்தில் சிக்கல் இருக்காது. “பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை” என்ற ஒரு வரியில்தான் மனு அடிபட்டுப் போகிறது. வீட்டுக்கு வருவது அந்த வரியைத் திருப்பிச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் மட்டும். அதைப் படித்துவிட்டுத் தகரப் பெட்டியில் போட்டு மூடியவர்கள்தான் எத்தனை பேர்!

நான் அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மெடிக்கல் போர்டின் முழுப் படிவத்தைக் கேட்பேன். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்று அதற்குப் பெயர். ஏன் பணியால் வரவில்லை என்பதற்குப் போர்டு காரணம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல படிவங்களில் “உடல்வாகு சார்ந்த நோய்” என்றோ, “அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது” என்றோ நாலு சொல் இருக்கும். சிலவற்றில் அதுகூட இருக்காது.

உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் கை வைத்தது இந்த இடத்தில்தான். அவர் 1985-இல் சிக்னல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-இல் வெளியே அனுப்பினார்கள். பாதிப்பு 20 சதவீதம். பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது போர்டு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆளெடுக்கும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுத்தீர்கள், அப்போது இந்த நோயைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதவில்லை என்றால், அது பணிக்காலத்தில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும்; இல்லை என்று சொல்கிற போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும்; நிரூபிக்கும் சுமை வீரர் தலையில் இல்லை. தீர்ப்பின் சாரம் இதுதான். இன்றும் எங்கள் மனுக்களில் முதலில் நிற்பது இந்தத் தீர்ப்பு.

நாயக் பதவியில் இருந்த பவானிப் பக்கத்து முன்னாள் படைவீரர் ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்) ரத்த அழுத்தத்துக்காக மறுக்கப்பட்டவர். அமைதிப் பகுதியில் தொடங்கியது என்பதுதான் காரணம். அவருடைய போஸ்டிங் பட்டியலை எடுத்து, நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட தேதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காஷ்மீரில் உயரமான மலைப் போஸ்டில் இருந்துவிட்டு இறங்கி, அமைதிப் பகுதிக்கு வந்த சில மாதங்களில் நடந்த வழக்கமான சோதனையில் பிரஷர் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்த இடத்தையே நோய் தொடங்கிய இடம் என்று எழுதிவிட்டார்கள். உங்கள் படிவத்திலும் இந்த இரண்டு தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு வக்கீல் வேண்டியதில்லை, ஒரு மதிய நேரம் போதும்.

ஜெயிக்காத வழக்குகளையும் சொல்லிவிடுகிறேன். லீவில் வந்து சொந்த வேலையாக வண்டியில் போகும்போது விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், பணிக்கும் அதற்கும் தொடர்பு காட்டுவது மிகவும் கடினம். முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வு பெற்றவருக்குப் பாதிப்பு 20-க்குக் கீழே என்றால், 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வழி அடைபட்டுவிட்டது. அதே குறைந்த சதவீதத்தோடு, பணிக்காலம் முடியும் முன்பே நோயைச் சொல்லி வெளியே அனுப்பப்பட்டவர் நிலை வேறு. ஆளையே அனுப்பும் அளவுக்கு நோய் என்றால் 20-க்கு மேல்தான் என்று கொள்ள வேண்டும் என 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. ஆக, நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்பது டிஸ்சார்ஜ் புக்கில் என்ன வாசகமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதில் பெரிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. முழுப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. சம்பளம் 40,000 என்றால் 12,000. பாதிப்பு 20 சதவீதம் என்றால் 2,400 என்றுதான் தோன்றும். ஆனால் 20 முதல் 50-க்குள் இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். அப்போது 6,000 வரும், அதற்கு மேல் பஞ்சப்படி. இந்த உயர்த்தல் நோயால் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவானது. ஏற்கெனவே டிஸபிலிட்டி பென்ஷன் வாங்குகிறவர்களில் இந்த உயர்த்தல் சேராமல் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவுத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான் சொல்வதெல்லாம் 2023 செப்டம்பர் 21-க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு. அன்று முதல் புது விதிகள் வந்துவிட்டன, தொகையின் பெயர்கூட மாறிவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் புது விதிகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காகிதம் கையில் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அவரவர் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் எட்டிவிடும் வெலிங்டன். இஎம்இ (ராணுவத்தின் எந்திரப் பராமரிப்புப் பிரிவு) என்றால் செகந்திராபாத், சிக்னல் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். மெடிக்கல் போர்டு படிவம், சேரும்போது எடுத்த மருத்துவச் சோதனைத் தாள், விபத்து என்றால் காய அறிக்கை, மறுப்பு உத்தரவு, இத்தனைக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் இதில் தாமதிக்கவே கூடாது. 25 வருடம் போனால் அவர்களுடைய ஆவணங்களை அழித்துவிடுவது வழக்கம்.

மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது, அப்புறம் தீர்ப்பாயம். கெடு தாண்டியவர்களும் வரலாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தை மன்னிக்கிறார்கள். ஆனால் பல வழக்குகளில் நிலுவையை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால், பத்து வருடம் தயங்கியவர் ஏழு வருடப் பணத்தை விட்டுவிட நேரும்.

சில வீடுகளில் இருந்து படைவீரர் வருவதில்லை, மனைவிதான் ஃபைலோடு வருவார். “தூங்கறதே இல்லீங்க, பட்டாசு வெடிச்சாக் கட்டிலுக்கடியில போயிருவாரு, குடி வேற” என்று தணிந்த குரலில் சொல்வார். ஒழுங்கீனம், ரெட் இங்க் என்ட்ரி (பணிப் பதிவில் சிவப்பு மையில் எழுதும் தண்டனைக் குறிப்பு) என்று வெளியே அனுப்பப்பட்டவராக இருப்பார். ஊரும் சொந்தமும் குடிகாரன் என்று முடிவு கட்டியிருக்கும். அந்த வருடங்களில் ராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்திருந்தார்களா என்று நான் கேட்பேன். அந்தச் சீட்டு ஒன்று கிடைத்தால் வழக்கின் போக்கே மாறலாம். அதற்குக் காத்திருக்காமல் 14416-இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணை இன்றைக்கே அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள். பென்ஷன் கிடைத்த பிறகு வைத்தியம் என்று தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது.

நிலுவையில் இத்தனை பங்கு கொடு என்று கேட்கும் ஏஜெண்டுகள் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் நிறைய. தொகை நிரப்பாத செக்கில் கையெழுத்து வாங்குகிறவர்களும் உண்டு. வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. காசுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடங்கிய திட்டத்தில், இந்த அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு இருக்கிறது. போகும்போது டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, மறுப்புக் கடிதம் மூன்றுக்கும் நகல் எடுத்துக் கொண்டுபோங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், என்னிடமும்தான்.