இன்ஃபார்மண்ட்: துப்பு சொல்பவரா, நெருங்கி அறிந்தவரா?

மனநலப் பிரிவின் கேஸ் ஷீட்டில் நோயாளியின் பெயர், வயதை ஒட்டி 'இன்ஃபார்மண்ட்' என்றொரு வரி இருக்கும். விவரம் சொன்னவர் யார், அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று அங்கே குறிப்பார்கள். உருக்கொடுத்தல் என்னும் பொருளுடைய 'இன்ஃபார்மாரே' என்ற லத்தீன் வினைதான் வேர். அதே வேரில் கிளைத்த 'இன்ஃபார்மர்' நம் செய்தித்தாள்களில் போலீசுக்குத் துப்பு சொல்பவராகிவிட்டார். அப்பாவைப் பற்றி மகளிடம் கேட்கும் படிவத்தில் அந்த வாடை வரக் கூடாது.

மறதிநோயின் முதற்கட்டச் சோதனையில் இந்த இன்ஃபார்மண்ட் ஏன் தேவை? மறந்ததையே மறந்தவர் தன் மறதியைச் சொல்ல முடியாது. நோயாளியிடமே நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் நேரடித் தேர்வான எம்எம்எஸ்இ வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணம் வரையச் சொல்லும். பள்ளிக்கூடமே போகாதவர் நினைவு நன்றாக இருந்தும் மதிப்பெண் இழப்பார். உடன் வாழ்ந்தவரைக் கேட்டால், அந்த மனிதரை அவருடைய பழைய நிலையோடேயே ஒப்பிடலாம்.

ஆஸ்திரேலியாவில் ஜார்ம், ஜேக்கம்ப் என்ற ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட 'ஐக்யூகோட்' என்ற கேள்விப் பட்டியல் இந்த வழியில் போகிறது, உடன் வாழ்ந்தவரைத்தான் கேட்கிறது. முதலில் 26 கேள்விகள். 1994இல் வந்த சுருக்க வடிவில் 16. பத்தாண்டுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு, மிகவும் தேறியிருந்தால் 1, பெரிய மாற்றமில்லை என்றால் 3, மிகவும் மோசமென்றால் 5. கூட்டி, விடையளித்த கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒன்பது 3, ஆறு 4, ஒரு 5 என்றால் மொத்தம் 56, சராசரி 3.5. எல்லைக்கோடு இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் 3.3 முதல் 3.6 வரை. அதைத் தாண்டினால் மேல்பரிசோதனை வேண்டும், அவ்வளவே. மனச்சோர்வோ தைராய்டு குறைவோ கூட எண்ணை ஏற்றிவிடும்.

பிழை பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான். 'பேங்க் கணக்கு வழக்கை இப்போது எப்படிப் பார்க்கிறார்?' என்று கேட்டால் ஒப்பீடு தொலைந்துவிடும். வாழ்நாள் முழுக்கக் கணவரே பணம் கையாண்ட வீட்டில், 'அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது' என்று 5 போட்டுவிடுவார்கள். அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது, அது 3. 'பத்து வருஷத்துக்கு முன்னால்' என்பதும் பலருக்குப் பிடிபடாது. பேத்தி பிறந்தது, வீடு மாறியது என ஏதாவது நிகழ்ச்சியைச் சொல்லி நினைவூட்ட வேண்டும். பதில் சொல்பவர் தானே சோர்ந்திருந்தாலோ முதியவரோடு மனத்தாங்கல் இருந்தாலோ மதிப்பெண் கூடிப்போகும்.

இனி, படிவத்தில் இன்ஃபார்மண்டுக்கு எழுத வேண்டிய தமிழ்ச்சொல். 'அட்டெண்டர்' பொருந்தாது, கூட வந்த அண்டைவீட்டுப் பையனும் அட்டெண்டர்தான். 'பராமரிப்பவர்' என்றால் போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவரும் அடங்குவார். மொழியியல் களப்பணியில் புழங்கும் 'தகவலாளி' ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. குடும்பத்தார் கையில் கொடுக்கும் தாளில் 'இவரை நெருங்கி அறிந்தவர்' என்றே எழுதலாம். நீளம்தான், ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. தலைப்பில் 'கேள்வித்தாள்' வேண்டாம், பரீட்சை நினைவு வரும், 'வினாநிரல்' போதும். அதன் கீழே, எத்தனை ஆண்டுப் பழக்கம், ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று இரண்டு கட்டங்கள் விட வேண்டும்.